நா.யாழினி, ஆ.மைதிலி: இன்ஷியலும் பேரும் சேர்ந்து வேற வார்த்தை ஆகுதா? எதை மாத்தலாம், எதை விட்டுடலாம்

பேரு பிடிச்சிருக்கு, நட்சத்திர எழுத்து பொருந்துது, ரெண்டு வீட்டுப் பெரியவங்களுக்கும் சம்மதம், தொட்டில் போட்டு காதுலயும் சொல்லியாச்சு. அதுக்கப்புறம்தான் யாராவது ஒருத்தர் பர்த் சர்டிபிகேட்டுக்கு எழுதிக் குடுக்குறப்போ இன்ஷியலையும் சேத்து எழுதிப் பாக்குறாங்க. அப்பா நாகராஜன், பொண்ணு யாழினி. நா.யாழினி. நடுவுல இருக்குற புள்ளிய கண்ணு தாண்டிடுச்சுன்னா முன்னாடி வந்து நிக்கிறது "நாய்". இப்படி மாட்டிக்கிட்டு என்ன பண்றதுன்னு கேக்குறவங்க, குழந்தை பொறந்த அசதியில, தூக்கம் இல்லாம, மாமியார் ஒண்ணு சொல்ல அம்மா ஒண்ணு சொல்லன்னு இருக்குற நேரத்துல கேக்குறாங்க. அதனால இருக்குற வழி எல்லாத்தையும் எடுத்து வெச்சு, எதுல என்ன செலவு ஒளிஞ்சிருக்கு, யாருக்கு எது ஒத்துவரும்னு பாக்கலாம். என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன்: பெரும்பாலான வீட்ல மாத்த வேண்டியது இன்ஷியலைத்தான், ஆசைப்பட்டு வெச்ச பேரை இல்ல.

## இது நமக்கு ஏன் அதிகமா நடக்குது

இங்கிலீஷ்ல இன்ஷியல்னா ஒரே ஒரு எழுத்து. என்.யாழினின்னு எழுதினா அந்த என் தனியா நிக்கும், பேரோட ஒட்டாது. மூணு எழுத்து சேந்தாதான் அங்க வார்த்தை வரும். தமிழ்ல அப்படி இல்ல, நாம இன்ஷியலா போடுறது நா, பே, கு, ஆன்னு முழுசா உச்சரிக்கிற எழுத்து, அது பக்கத்துல இருக்குற பேரோட முதல் எழுத்தோட உடனே ஒட்டிக்கும். ரெண்டே எழுத்துல வார்த்தை ரெடி.

எழுதிப் பாருங்க. நடராஜன் பொண்ணு ரித்திகா, ந.ரித்திகா, அதுல நரி. ஆறுமுகம் பொண்ணு மைதிலி, ஆ.மைதிலி, ஆமை. எழிலரசன் பையன் லிங்கேஷ், எலி. கொளஞ்சி பையன் சுபாஷ், கொசு. குமார் பொண்ணு ரங்கநாயகி, குரங்கு வரைக்கும் கிட்டத்தட்ட வந்துடும். பேச்சிமுத்து வீட்ல யாழினின்னு வெச்சா பேய். நட்சத்திரம் பாக்குறவங்களுக்கு இன்னும் நெருக்கடி, ஏன்னா சித்திரை நாலாம் பாதத்துக்கு எழுத்து "ரி", கேட்டை ரெண்டாம் பாதத்துக்கு "யா", அந்த எழுத்துலதான் வெக்கணும்னு வீட்ல பிடிவாதமா நின்னா தேடுற பேரெல்லாம் அதே இடத்துல போய் முட்டும்.

நல்ல வார்த்தையும் வரும், அதையும் சொல்லணும். இளங்கோ பொண்ணு சைலஜா, இ.சைலஜா, முன்னாடி "இசை". பாலமுருகன் பொண்ணு ரதி, பா.ரதி. சுரேஷ் பொண்ணு மதி, சு.மதி. கேக்க அழகா இருக்கு, ஆனா இதுல வேற சிக்கல், ஏதாவது ஒரு ஆபீஸ்ல புள்ளிய விட்டுட்டு "சுமதி"ன்னு டைப் பண்ணிட்டாங்கன்னா மதிங்கிற பொண்ணும் சுமதிங்கிற பொண்ணும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க அலையணும். திட்டு வார்த்தை வந்தா கேலி, நல்ல பேரு வந்தா ஆவணக் குழப்பம்.

"நாங்க தமிழ்ல இன்ஷியல் போட மாட்டோம், இங்கிலீஷ் எழுத்துதான்"னு சொல்றவங்களும் இருக்காங்க. 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு பேரோட இன்ஷியலையும் தமிழ்லயே எழுதணும்னு ஆணை போட்டுச்சு, ஸ்கூல் காலேஜ் பதிவேடும் அதுல அடக்கம். அதனால இங்க படிக்கப் போற குழந்தைன்னா தமிழ் இன்ஷியல் எங்கயாவது ஒரு இடத்துல வரத்தான் செய்யும், அதை கணக்குல எடுத்துக்கிட்டே முடிவு பண்ணுங்க.

## முடிவுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

வார்த்தை எந்த எழுத்துல வருது? தமிழ்லயா, இங்கிலீஷ்லயா, ரெண்டுலயுமா. இப்போ நிறைய பேர் அப்பா அம்மா ரெண்டு பேர் இன்ஷியலும் போடுறாங்க, நல்ல விஷயம், ஆனா அப்போ இங்கிலீஷ்ல மூணு எழுத்து சேந்துடும். பிரகாஷ், இந்து, பையன் கௌதம்: பி, ஐ, ஜி, படிச்சா பன்னி. செந்தில், ஆர்த்தி, பொண்ணு தன்யா: எஸ், ஏ, டி (D), படிச்சா சோகம். பவானி, அருண், பையன் தர்ஷன்: பி (B), ஏ, டி (D), "பேட்", அதாவது கெட்டது. தமிழ்ல பி.இ.கௌதம்னு எழுதினா ஒண்ணுமே இல்ல. ஒரு எழுத்துல இருக்குற பிரச்சினை இன்னொண்ணுல இருக்காது, அதனால ரெண்டுலயும் எழுதிப் பாக்காம எதையும் முடிவு பண்ணாதீங்க.

எவ்ளோ வலிக்கிற வார்த்தை? எல்லாத்தையும் ஒரே தராசுல வெக்கக் கூடாது. நரி, ஆமை, எலி எல்லாம் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஓடும், அப்புறம் அவங்களுக்கே சலிச்சிடும். உடம்பைக் குறிக்கிற வார்த்தை, கெட்ட வார்த்தை, சாதியைச் சொல்லித் திட்டுற வார்த்தை, இதெல்லாம் பதினாலு வயசுல இன்னும் கூர்மையாகும். ஆறு வயசுப் பிள்ளைய நினைச்சு மட்டும் முடிவெடுக்காம பதினாலு வயசுப் பிள்ளைய நினைச்சு எடுங்க.

இன்ஷியல் எவ்ளோ தடவை காதுல விழும்? இதை யாருமே யோசிக்கிறதில்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ஒரு கிளாஸ்ல ஒரே யாழினி இருந்தா அவ யாழினிதான், இன்ஷியல் ரிஜிஸ்டர்லயே தூங்கும். ரெண்டு யாழினி இருந்தா டீச்சர் வேற வழியில்லாம "நா.யாழினி, செ.யாழினி"ன்னு கூப்பிடுவாங்க, பத்து மாசமும் தினமும் காலையில. அதனால பேரு எந்த அளவுக்கு இப்போ எல்லாரும் வெக்கிற பேரோ, அந்த அளவுக்கு இன்ஷியல் ஆபத்து. அபூர்வமான பேருன்னா இன்ஷியல் எப்படி இருந்தாலும் பெரிசா வெளிய வராது.

குழந்தை எங்க வளரப் போகுது? வெளிநாட்ல இன்ஷியல் முன்னாடி வராது, குழந்தை பேரு முதல்ல, அப்பா பேரு கடைசியில. நா.யாழினி அங்க யாழினி நாகராஜன், நாய் காணாம போயிடும். ஆனா இங்க எஸ்.எஸ்.ஆதவன்னு ஒரு குறையும் இல்லாம இருந்த பையன் அங்க ஆதவன் செல்வி செந்தில்னு ஆனா ஏ, எஸ், எஸ், படிச்சா கழுதை. ஸ்கூல் பேக்லயும் லாக்கர்லயும் அந்த மூணு எழுத்துதான் இருக்கும். போற எண்ணம் இருக்கிறவங்க திருப்பிப் போட்டும் எழுதிப் பாருங்க.

நீங்க எந்த கட்டத்துல இருக்கீங்க? பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், ஆனா பேரு இல்லாமலே பதியலாம். பதிஞ்ச நாள்ல இருந்து 12 மாசத்துக்குள்ள பேரை கட்டணம் இல்லாம சேத்துக்கலாம், அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட. அதாவது ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆகுற அன்னைக்கே பேரு குடுத்தாகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஒரு தடவை பேரு ஏறிடுச்சுன்னா எழுத்துப்பிழை திருத்தலாமே ஒழிய பேரையே மாத்துறது லேசு கிடையாது. 2023 அக்டோபர் 1-ல இருந்து பொறக்குற குழந்தைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறந்த தேதிக்கு பர்த் சர்டிபிகேட்தான் ஆதாரம்னு சட்டமும் வந்துடுச்சு, அதனால அந்த ஒரு தாள்ல என்ன இருக்கோ அதுதான் கடைசி வரைக்கும் கூட வரும்.

நடுவுல ஒரு பயத்தையும் எடுத்துப் போட்டுடறேன். கெட்ட இன்ஷியல் இருந்தா ஆயுசு குறையும்னு ஆராய்ச்சியே சொல்லுதுன்னு சில பேர் பயமுறுத்துவாங்க. அப்படி ஒரு ஆராய்ச்சி வந்தது உண்மைதான், 1999-ல, கலிஃபோர்னியா இறப்புச் சான்றிதழ்களை வெச்சுப் பண்ணினது. ஆனா 2005-ல வேற ரெண்டு பேர் அதே விஷயத்தை பிறந்த வருஷத்தை வெச்சுப் பிரிச்சு திரும்பக் கணக்குப் போட்டப்போ அந்த வித்தியாசம் நிக்கல. இன்ஷியலால ஆயுசு கூடவும் இல்ல குறையவும் இல்ல, நம்ம கவலை கேலியும் காகிதமும் மட்டும்தான்.

## வழி 1: எதையும் மாத்தாம விட்டுடறது

செலவு இல்ல, அலைச்சல் இல்ல, பேரு வெச்ச தாத்தாவுக்கு மனசு கஷ்டப்படாது. வார்த்தை லேசானதா இருந்து, பேரும் அதிகம் புழங்காத பேரா இருந்தா இதுவே போதும். லிங்கேஷ்ங்கிற பேரு ஒரு கிளாஸ்ல ரெண்டு வரப் போறது அபூர்வம், எ.லிங்கேஷ்ல இருந்து எலிய தேடிக் கண்டுபிடிக்க ஒருத்தன் மெனக்கெடணும். பசங்க கேலி பண்ணணும்னு முடிவு பண்ணிட்டா எந்தப் பேர்லயும் வழி கண்டுபிடிப்பாங்கன்னு சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

ஆனா அந்த நியாயத்தை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. குழந்தைங்களா கண்டுபிடிக்கிற கேலிப் பேரு ஸ்கூல் மாறினா போயிடும். ரிஜிஸ்டர்ல எழுதியிருக்குற கேலி டிசியோட சேந்து அடுத்த ஸ்கூலுக்கும் வரும். டீச்சர் வாயாலயே அது வர்றப்போ பிள்ளையால "அப்படிக் கூப்பிடாதீங்க"ன்னு சொல்லவும் முடியாது. இதுல மறைஞ்சிருக்குற செலவை கட்டப் போறது நீங்க இல்ல, அந்தக் குழந்தை. அதனால சோம்பல்ல இந்த வழிய எடுக்காதீங்க, யோசிச்சு எடுங்க. வார்த்தை நிஜமாவே அசிங்கமானதுன்னா இந்த வழி கிடையவே கிடையாது.

## வழி 2: பேரையே மாத்துறது

ஆணிவேரோட தீரும், எந்த ஊருக்குப் போனாலும் எந்த எழுத்துல எழுதினாலும் கவலை இல்ல. பர்த் சர்டிபிகேட்ல இன்னும் பேரு ஏறலைன்னா ஒரு பைசா செலவும் கிடையாது. முழுசா மாத்தணும்னும் இல்ல. மைதிலி பிடிச்சதுக்கு காரணம் சீதைன்னா ஜானகியும் வைதேகியும் சீதைதான், ஆ.ஜானகி, ஆ.வைதேகி ரெண்டுமே சுத்தமா இருக்கு. கு.ரங்கநாயகிக்கு முன்னாடி ஸ்ரீ சேத்தா கு.ஸ்ரீரங்கநாயகி. ரித்திகாவை கிருத்திகாவாக்கினா ந.கிருத்திகா. யாழினிய விட மனசே இல்லைன்னா தமிழ்யாழினின்னு நீட்டலாம், வீட்ல யாழினின்னே கூப்பிடலாம்.

பிரச்சினை இங்கிலீஷ்ல மட்டும்னா இன்னும் சின்ன வேலை, ஸ்பெல்லிங் மாத்தினா போதும். நம்ம "த"வுக்கு இங்கிலீஷ்ல ஒரே எழுத்துன்னு கிடையாது, D-யும் போடலாம் T-H-உம் போடலாம், தன்யாவை D-க்கு பதிலா T-ல ஆரம்பிச்சு எழுதினா அந்த சோகம் கலைஞ்சிடும். பவானிய B-க்கு பதிலா P-ல ஆரம்பிச்சு எழுதுறவங்க உண்டு, அதே மாதிரி கௌதமுக்கும் வேற எழுத்து இருக்கான்னு பாத்தா கிடையாது, ஜிதான், அதனால இந்த வழி எல்லா பேருக்கும் செல்லாது. இதுல ஒண்ணு கவனிங்க, வெளிநாட்ல T-H-ஐ வேற மாதிரி உச்சரிப்பாங்க, பிள்ளை வாழ்க்கை பூரா திருத்திக்கிட்டே இருக்கணும்.

மறைஞ்ச செலவு வீட்டுக்குள்ளதான். தாத்தா பேரு, குலசாமி பேரு, தவறிப்போன பாட்டி பேரு, இதுல கைய வெச்சா அது பேரு மாத்துறதா இருக்காது, அவங்களை ஒதுக்குறதா எடுத்துக்குவாங்க. ஸ்ரீரங்கநாயகியில "ர" முதல் எழுத்தா இல்லைன்னு நட்சத்திரம் பாக்குறவங்க சொல்லுவாங்க, கிருத்திகாவுக்கும் அதே கதி. அப்புறம் கிடைச்ச ரெண்டாவது பேரை நீங்க மனசார கூப்பிடுறீங்களான்னு பாருங்க, ஒரு வாரம் கூப்பிட்டும் வாயில வரலைன்னா அது உங்க பிள்ளைக்கான பேரு இல்ல. பர்த் சர்டிபிகேட்ல ஏறின பிறகு மாத்தணும்னா கெஜட், அபிடவிட், அதுக்கப்புறம் ஒவ்வொரு கார்டா திருத்தம்னு போகும், அப்பவும் பழைய சர்டிபிகேட் ஒண்ணு எங்கயாவது எட்டிப் பாக்கும்.

ரொம்ப மோசமான வார்த்தை வந்தவங்களுக்கும், அந்தப் பேரு மேல பெரிய பிடிப்பு இல்லாதவங்களுக்கும் இதுதான் சரி.

## வழி 3: இன்ஷியலை மாத்துறது

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான், காரணம் கேலியிலிருந்து தப்பிக்கிறதுக்கு மட்டும் இல்ல. பத்து மாசம் சுமந்து பெத்தவ பேரு பிள்ளை பேர்ல ஒரு எழுத்தாக்கூட இல்லாம இருந்தது நாம பழகிப்போன ஒரு அநியாயம், அதை சரி பண்ண இது ஒரு நல்ல சந்தர்ப்பம். அம்மா பேரு செல்வின்னா செ.யாழினி, முடிஞ்சது விஷயம்.

இது புதுசும் இல்ல. எம்.எஸ்.சுப்புலட்சுமியோட எம்.எஸ் மதுரை சண்முகவடிவு, சண்முகவடிவு அவங்க அம்மா. எம்.எல்.வசந்தகுமாரியோட எல், அம்மா லலிதாங்கி. சட்டமும் இந்தப் பக்கம்தான் நகந்துக்கிட்டு இருக்கு. அம்மாவும் இயற்கையான கார்டியன்தான்னு சுப்ரீம் கோர்ட் 1999-ல கீதா ஹரிஹரன் வழக்குல சொன்னது. 2016 டிசம்பர்ல வந்த மாற்றத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்டுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தர் பேரு குடுத்தாலே போதும். தனியா வளக்கிற அம்மாவோட பிள்ளைக்கு பான் கார்டுல அப்பா பேரு கட்டாயம் இல்லைன்னு 2018 டிசம்பர்ல வந்துச்சு.

ரெண்டு இன்ஷியலும் போடலாம். செ.நா.யாழினின்னா நா யாழோட ஒட்டித்தானே இருக்கு, தீரல. நா.செ.யாழினின்னு போட்டாதான் தீருது. ஆக, எது பேருக்குப் பக்கத்துல வருதுங்கிறதுதான் விஷயம். இங்கிலீஷ்ல மூணு எழுத்து வார்த்தை வந்தா அங்கயும் வரிசைய மாத்திப் பாருங்க, பி.ஐ.ஜிய ஐ.பி.ஜின்னு ஆக்கினா ஒரு அர்த்தமும் இல்ல. செலவே இல்லாத திருத்தம் இது, ஆனா நிறைய பேருக்குத் தோணுறதில்ல, அப்பா எழுத்துதான் முதல்ல வரணும்னு யாரோ எழுதி வெச்ச மாதிரி நினைச்சுக்கறோம்.

மூணாவதா ஊர் இன்ஷியல் இருக்கு. உ.வே.சா.வுல உ-ன்னா உத்தமதானபுரம், எம்.ஜி.ஆர்ல எம் மருதூர். அப்பவும் பேருக்குப் பக்கத்துல அப்பா எழுத்துதான் வரும், தனியா ஊரை மட்டும் போட்டா ஆபீஸ்ல அப்பா பேரு என்னன்னு கேட்டுக் குழம்புவாங்க, அதனால தமிழ் இன்ஷியல் பிரச்சினைக்கு இது பெரிசா உதவாது. குடும்பப் பேருன்னு சாதிப் பேரைச் சேக்குறதை நான் ஒரு வழியாவே எடுத்துக்கல. நம்ம ஊர்ல இன்ஷியல் இவ்ளோ பரவினதுக்குப் பின்னாடி சாதிப் பட்டத்தைத் தூக்கிப் போட்ட ஒரு வரலாறு இருக்கு, 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டு மேடையிலயே பட்டத்தை விட்டவங்க இருக்காங்க, ஒரு நாய்க்கும் நரிக்கும் பயந்து அதைத் திரும்பக் கூட்டிட்டு வர வேண்டாம்.

மறைஞ்ச செலவுக்கு வர்றேன். ஒண்ணு, கேள்வி. அம்மா இன்ஷியல் மட்டும் இருந்தா "அப்பா இல்லையா"ன்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க, ஸ்கூல்லயும் சொந்தத்துலயும். அந்தக் கேள்விக்கு பிள்ளை தலை குனியாம பதில் சொல்ற மாதிரி வீட்ல பேசி வெச்சிருக்கணும். ரெண்டு, இன்ஷியல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேரும் அம்மா பேரும் தனித்தனி வரியில இருக்கும், அதனால இன்ஷியல் எதுன்னு பல இடத்துல அந்தந்த கிளார்க்கே முடிவு பண்ணிடுவாங்க, பழக்கத்துல அப்பா எழுத்தைப் போட்டுடுவாங்க. ஆதார், எமிஸ் (ஸ்கூல் பிள்ளைங்க விவரத்தை ஏத்துற அரசு கம்ப்யூட்டர் பதிவு), பாஸ்போர்ட் ஒவ்வொண்ணுலயும் நீங்க பக்கத்துல நின்னு பாத்து வாங்கணும். மூணு, பாஸ்போர்ட்ல இன்ஷியல் போட முடியாது, விரிச்சுத்தான் எழுதணும், அங்க சர்நேம்ல செல்வின்னு வரும். அப்பாவோட தனியா பிளேன்ல போறப்போ ரெண்டு பேர் சர்நேமும் வேறயா இருந்தா சில நாட்டு இமிக்ரேஷன்ல கேள்வி வரலாம், பர்த் சர்டிபிகேட் காப்பி கையில இருந்தா போதும். அம்மாவோட போறப்போ வர்ற அதே கேள்விய இத்தனை வருஷமா எத்தனையோ அம்மாக்கள் சமாளிச்சிருக்காங்க.

## வழி 4: இன்ஷியலை பின்னாடி போடுறது, இல்ல விரிச்சு எழுதுறது

யாழினி நா. இல்லைன்னா யாழினி நாகராஜன். எழுத்து ஒட்டுறதுக்கு இடமே இல்ல, அப்பா பேரும் போகல, வீட்ல சண்டையும் இல்ல. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் அப்பா பேரை முழுசா பின்னாடி போட்டுத்தான் பழகியிருக்காங்க. பான் கார்டுலயும் பேரு பாகத்துல இன்ஷியல் ஏத்துக்க மாட்டாங்க, விரிச்சுத்தான் எழுதணும். அதனால எப்படியும் என்னைக்காவது விரிக்கப் போறதை இப்பவே விரிச்சு பர்த் சர்டிபிகேட்ல போட்டுட்டா, பின்னாடி பொருந்தாம போற தொல்லை பாதி குறையும். வெளிநாடு போற வாய்ப்பு இருக்குற குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லைன்னு நினைக்கிறேன்.

பாதகம் என்னன்னா, சும்மா இன்ஷியலை மட்டும் பின்னாடி தள்ளினா அது அங்கயே நிக்கும்னு உத்தரவாதம் இல்ல. நம்ம ஊர்ல ரிஜிஸ்டர் எழுதுற கை தானா இன்ஷியலை முன்னாடி கொண்டு வந்துடும், நீங்க யாழினி நா.ன்னு குடுத்தா அங்க நா.யாழினின்னு ஏறியிருக்கும். விரிச்சு எழுதினா அந்த ஆபத்து குறைவு. ஆனா விரிச்சா அப்பா பேரே பிள்ளை பேரா ஆகிடுது, வெளிநாட்ல காலேஜ்லயும் ஆபீஸ்லயும் யாழினிய "மிஸ் நாகராஜன்"னு கூப்பிடுவாங்க, சில பேருக்கு அது உறுத்தும். அப்புறம் மெயில் ஐடி. நிறைய கம்பெனியில பேரோட முதல் எழுத்தையும் கடைசிப் பேரையும் ஒட்டித்தான் ஐடி குடுப்பாங்க, பிரியா ஆண்டியப்பன்னு ஒரு பொண்ணு இருந்தா ஐடியில அவ பாண்டியப்பன். அதனால இங்கயும் ஒட்டிப் பாத்துடுங்க.

## வழி 5: இன்ஷியலே வேண்டாம், பேரு மட்டும்

யாழினி. அவ்ளோதான், முன்னாடியும் பின்னாடியும் எதுவும் இல்ல. கேக்க சுதந்திரமா இருக்கு, அப்பா பேரோ அம்மா பேரோ எதுக்குன்னு நினைக்கிறவங்களுக்கு கொள்கையாவும் பிடிக்கும். அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனாலும் இப்போ இருக்குற உலகத்துல இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காரணம் பாஸ்போர்ட். சர்நேம் இடத்தை காலியா விட்டா நம்ம ஊர்ல பாஸ்போர்ட் குடுத்துடுவாங்க, சிக்கல் வெளியில. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேரு மட்டும் இருக்குறவங்களுக்கு விசிட் விசாவுல அனுமதி இல்லைன்னு அறிவிச்சு எத்தனையோ பேரு பயணம் நின்னுச்சு, அப்புறம் ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா பரவாயில்லைன்னு தளர்த்தினாங்க. அமெரிக்க விசாவுல ஒத்தைப் பேருக்காரங்களுக்கு அந்தப் பேரு சர்நேமா போயிடும், முதல் பேரு இடத்துல "பேரு தெரியல"ன்னு அர்த்தம் வர்ற எஃப்.என்.யு-ன்னு மூணு எழுத்து போடுவாங்க. அங்க போய் லைசென்ஸ்ல இருந்து பேங்க் வரைக்கும் அந்த எஃப்.என்.யு கூடவே ஒட்டிக்கும். ஒரு இன்ஷியல் கேலிக்குப் பயந்து இதுல போய் மாட்டுறது எனக்கு நியாயமாப் படல. உள்ளூர்லயும், கிளாஸ்ல இன்னொரு யாழினி இருந்தா டீச்சர் வேற அடையாளம் ஒண்ணு கண்டுபிடிப்பாங்க, உயரம் நிறம்னு அது எதுல போய் முடியும்னு சொல்ல முடியாது.

## ஒரே பார்வையில

| வழி | அலைச்சல் | எங்க காப்பாத்தாது | யாருக்கு சரி |
|---|---|---|---|
| அப்படியே விடுறது | இல்ல | ஒரே கிளாஸ்ல அதே பேரு ரெண்டு வந்தா | லேசான வார்த்தை, அபூர்வமான பேரு |
| பேரை மாத்துறது | பதியறதுக்கு முன்னாடி இல்ல, பின்னாடி ரொம்ப | வீட்டுப் பெரியவங்க கிட்ட | மோசமான வார்த்தை, பேர் மேல பிடிப்பு இல்லாதவங்க |
| அம்மா இன்ஷியல், இல்ல வரிசை மாத்துறது | ஒவ்வொரு ஆவணத்துலயும் கவனம் | அம்மா எழுத்தும் வார்த்தை ஆனா | இங்கயே வளர்ற குழந்தை, ஆசையா வெச்ச பேரு |
| பின்னாடி விரிச்சு எழுதுறது | குறைவு | மெயில் ஐடி, மூணு எழுத்துச் சுருக்கம் | வெளிநாடு போகக்கூடியவங்க |
| பேரு மட்டும் | இப்போ இல்ல, பின்னாடி நிறைய | விசா, பாஸ்போர்ட் | யாருக்கும் சொல்ல மாட்டேன் |

## எப்படி முடிவு பண்றது

பர்த் சர்டிபிகேட்ல பேரு ஏறலைன்னா உங்க கையில நேரம் இருக்கு. ஒரு தாள் எடுத்து தமிழ்ல ரெண்டு விதமா, இங்கிலீஷ்ல ரெண்டு விதமா எழுதுங்க, முன்னாடி போட்டும் பின்னாடி போட்டும். அப்புறம் வாய்விட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி படிங்க. நீங்களே படிச்சா தெரியாது, உங்களுக்கு ஏற்கனவே பேரு பழகிப்போச்சு, பக்கத்து வீட்ல நாலாவதோ அஞ்சாவதோ படிக்கிற பிள்ளை இருந்தா அவங்க கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க, வார்த்தை இருந்தா அடுத்த நொடி சொல்லிடும்.

வார்த்தை அசிங்கமானதுன்னா யோசிக்காம பேரை மாத்துங்க, தாத்தா கிட்ட உள்ளதை உள்ளபடி எழுதிக் காட்டுங்க, பேரப்பிள்ளைக்கு வர்ற அவமானம்னா அவரே முதல்ல மாத்தச் சொல்லுவாரு. லேசான வார்த்தை, ஆனா நாலு பேர்ல ஒருத்தருக்கு இருக்குற பேருன்னா அம்மா இன்ஷியல். அதுல பொருந்தலைன்னா ரெண்டையும் போட்டு எது பக்கத்துல வரணும்னு மாத்திப் பாருங்க. வெளிநாட்டு வேலையில இருக்குற குடும்பம்னா விரிச்சு எழுதிடுங்க.

பேரு ஏற்கனவே ஏறிடுச்சா? அப்பவும் இன்ஷியலைத் தொட இடம் இருக்கு, பேரைத் தொடத்தான் கஷ்டம். ஸ்கூல் சேக்குறதுக்கு முன்னாடி ஆதார்ல என்ன இருக்குன்னு பாருங்க, எமிஸ்ல ஏத்துறது பெரும்பாலும் அதைப் பாத்துத்தான். அப்பவும் விட்டுட்டா பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு முன்னாடி பேரு பட்டியலை சரி பாக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவாங்க, அதை கடைசி வாசல்னு வெச்சுக்கங்க. மார்க் ஷீட்ல அச்சாயிட்டா அதுக்கு மேல ஒவ்வொரு சர்டிபிகேட்டும் அதைத்தான் பின்பற்றும்.

இன்னொண்ணு, ரெண்டாவது குழந்தை. முதல் பிள்ளைக்கு அம்மா இன்ஷியல் போட்டுட்டு ரெண்டாவதுக்கு அப்பா இன்ஷியல் போட்டா, ஒரே வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் வேற வேற எழுத்துன்னு ஒவ்வொரு இடத்துலயும் விளக்கம் குடுக்கணும், பிள்ளைங்களுக்குள்ளயும் "நான் யாரோட பிள்ளை"ன்னு ஒரு பேச்சு வரும். அதனால முதல் பிள்ளைக்கு எந்த இன்ஷியல்னு முடிவு பண்றப்போவே, அடுத்ததுக்கு மனசுல வெச்சிருக்குற பேரையும் அதே எழுத்தோட சேத்து எழுதிப் பாத்துடுங்க.